நிலுவையில் உள்ள சோறு

ஜேர்மன் நாட்டு வுப்பர்டால் நகரத்தில் மந்திரவாதிகள் வியாழக்கிழமைகளில் மாலை ஆறரைக்குக் கூடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தி வருபவர், எவ்வளவு பெரிய மந்திரவாதியானாலும், வாசலில் நின்று காரணம் சொல்லி, தலைவர் தலையசைத்த பிறகுதான் உட்காரலாம். அவர்களுக்குப் பறக்கத் தெரியும், மறையத் தெரியும், மலையைப் பிளக்கத் தெரியும். பிந்தி வரத்தான் தெரியாது.

இதெல்லாம் விளையாட்டு. ஒரு மேசையைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, நான் மந்திரவாதி, நீ வாள்வீரன், இது கோட்டை, அது பூதம் என்று வாயால் சொல்லிச் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் மணலில் சோறு கறி சமைத்து விளையாடுகிற மாதிரித்தான். ஆனால் பிள்ளைகள் பொழுதுபட்டதும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். வளர்ந்தவர்கள் அப்படி விட்டுவிடுவார்களா? சங்கம் பதிந்தார்கள். சங்கத்தின் சட்டதிட்டங்களாக யாப்பு எழுதினார்கள். யாப்பைத் திருத்துவதற்கு ஒரு யாப்பு எழுதினார்கள். தேவாலயத்து மண்டபத்தின் நிலவறையை வாடகைக்கு எடுத்து, பெரிய மந்திரங்களுக்கு ஓர் ஆணைக்குழுவும் சிறு மந்திரங்களுக்கு ஓர் ஆணைக்குழுவும் அமைத்தார்கள்.

பெரிய மந்திரம் என்றால் நகரத்தை எரிப்பது, சமுத்திரத்தை வற்றவைப்பது. அவையெல்லாம் ஒரே மாலையில், கையில் பியரோடு, சிரித்துக்கொண்டே நிறைவேறிவிடும். சிறு மந்திரங்களில்தான் கழுத்தறுப்பு. சப்பாத்துக் கயிற்றை முடிந்துவைக்கும் மந்திரத்தை இரண்டு வருடம் விவாதித்தார்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மந்திரம் மூன்று பின்னிணைப்புகளோடு வெளிவந்தது. தும்மலை நிறுத்தும் மந்திரம் மேல்முறையீட்டில் கிடக்கிறது.

இந்தச் சிறு மந்திரங்கள் ஆணைக்குழுவின் முன்னால்தான் 1996ஆம் ஆண்டு மார்கழியில் சுந்தரேஸ்வரி போய் நிற்க வேண்டி வந்தது. சுந்தரேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் விடியற்காலை வேலை. மந்திரம் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே வகை: கோயிலில் ஐயர் சொல்வது ஒன்று, பிடிக்காத சொந்தக்காரர் வேலிக்குள் தகடு புதைத்துச் செய்வது மற்றது. முதலாவது அவளுக்கு விளங்காது. இரண்டாவதை அவள் நம்புவதில்லை, ஆனாலும் பயம்.

அவளுடைய தம்பி நித்தியானந்தனுக்கு அப்படியில்லை. பதின்மூன்று வயதில் அக்காவைத் தேடி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவன். இங்கே பள்ளிக்கூடம் போய், மின்சார வேலைக்கு Ausbildung என்கிற தொழிற்பயிற்சி முடித்து, ஒரு கம்பனியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமைகளில் மட்டும் அந்த நிலவறைக்குப் போய் மந்திரவாதியாகிவிடுவான். அவனுடைய மந்திரவாதிக்குப் பெயர் பரராசசிங்கம். ஊரில் உபதபாற் கந்தோரில் இருந்துகொண்டு ஒருவருக்கும் ஒழுங்காகக் கடிதம் கொடுக்காத மனிதரின் பெயர் அது. ஜேர்மன்காரர்கள் அதை மிகுந்த பயபக்தியோடு உச்சரிப்பார்கள். 'மகாமாந்திரீகர் பரராசசிங்கம்' என்று அவர்கள் எழுந்து நின்று சொல்லும்போது நித்திக்குச் சிரிப்பை அடக்க ஏலாது என்று அதே சங்கத்தில் விளையாடும் லவினியா பிறகு சொன்னாள்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, தூறல் மழை. வுப்பர்டால் தெருக்கள் கூரையைப் போலச் சரிந்தவை. கூட்டம் முடிந்து சைக்கிளில் வந்தவன் ஒரு சரிவில் வழுக்கி லொறிக்குள் போய்விட்டான். அன்று காலையில் வேலைக்குப் போகும்போது சுந்தரேஸ்வரி கட்டிலில் கிடந்தவனிடம் சொன்ன கடைசி வார்த்தை, "பின்னேரம் சமைச்சு மூடி வைப்பன், வந்து சாப்பிடு" என்பது. சொன்னபடியே சமைத்து மூடி வைத்திருந்தாள். பொலிஸ்காரர் வந்து மணி அடித்தபோது, தம்பி கதவுத் திறப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான் போல என்று நினைத்து, திட்டிக்கொண்டேதான் கதவைத் திறந்தாள்.

செத்தவீடு முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், கறுப்புக் கோட்டு அணிந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். சுந்தரேஸ்வரி அவர்களை ஏறிட்டுப் பார்த்தாள். உள்ளே போய் அலுமாரிக்கு மேலே இருந்த பிளாஸ்ரிக் பையை எடுத்து வந்து மேசையில் கொட்டினாள். கடவுச்சீட்டு, பழைய அகதிப் பத்திரங்கள், சம்பளத்துண்டு, தம்பியின் தடுப்பூசி அட்டை வரைக்கும் எல்லாம் இருந்தன. பதினொரு வருடத்தில் கோட்டுப் போட்டவர்கள் வீடு தேடி வந்தால் செய்ய வேண்டியது இதுதான் என்று அவளுக்குப் பழகியிருந்தது. வந்தவர்களில் உயரமானவர் அந்தப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மிக ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்று மனமாரப் பாராட்டினார்.

அவர்தான் சங்கத் தலைவர் ஹெர் விண்ட்கென்ஸ். பகலில் காப்புறுதிக் கம்பனியில் வேலை. மற்றவர் ஹெர் ஹோல்ட்ஸ், சங்கத்தின் சமநிலை அதிகாரி. எந்த மந்திரத்தாலும் எவருக்கும் கூடுதலான நன்மை கிடைத்துவிடாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. பகலில் கார் ஓட்டப் பழக்குகிறவர். அவர்களுக்குப் பின்னால் படியில் நின்ற லவினியாவைச் சுந்தரேஸ்வரிக்கு முகம் தெரியும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், இங்கேயே வளர்ந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெட்டை. செத்தவீட்டில் கடைசி வரிசையில் இருந்து எல்லோரையும் விடக் கூட அழுதவள் அவள்தான்.

"அக்கா, இவை கந்தோர் ஆக்கள் இல்லை," என்றாள் லவினியா. "நித்தி விளையாடுற சங்கத்து ஆக்கள். நித்தி ஒரு மந்திரம் எழுதிக் குடுத்தவர். அதிலை ஒரு கேள்வி நிக்குது. அக்காவிட்டைக் கேட்டு வந்து சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் அண்டைக்கு வெளிக்கிட்டவர்."

என்ன மந்திரம் என்று சுந்தரேஸ்வரி கேட்டாள். லவினியா சொன்னாள். சமைத்த சாப்பாட்டை ஒரு மூடியால் மூடி, இது இன்னாருக்கு என்று மந்திரவாதி மனதில் நினைத்தால், அந்த ஆள் வரும்வரைக்கும் சாப்பாடு ஆறாது. அவ்வளவுதான். நகரம் எரியாது, மலை பிளக்காது. தேவையான பொருள்: ஒரு மூடி. எட்டும் தூரம்: ஒரு குசினி, சமையற்கட்டு அளவு. நீடிக்கும் காலம்: ஆள் வரும்வரை.

சுந்தரேஸ்வரி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டியவள் என்பதால் தம்பி வரும்போது நித்திரையாகிவிடுவாள். அவன் எப்போதும் ஆறின சோற்றைத்தான் சாப்பிட்டான். ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்படி ஒரு ஆசை அவனுக்கு இருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முழித்துக்கொண்டு இருந்திருப்பாளே.

"என்ன கேள்வி நிக்குது?" என்று கேட்டாள்.

ஹெர் ஹோல்ட்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். லவினியா மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தாள்.

"ஆள் வராட்டில்?"

மறுமொழி சொல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சுந்தரேஸ்வரி கேட்டுப் பார்த்தாள். விண்ட்கென்ஸ் எழுந்து நின்று பதில் சொன்னார். அவருக்கு உட்கார்ந்துகொண்டு யாப்பைப் பற்றிப் பேச வராது.

"அம்மணி, ஓர் உறுப்பினரின் பிரேரணை நிலுவையில் இருக்கும்வரை அவர் உறுப்பினர்தான். இறப்பு என்பது எங்கள் யாப்பின்படி வருகையின்மைக்கான காரணங்களில் ஒன்று. அதற்குமேல் அதற்கு எந்த விசேட தகுதியும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவருடைய பெயர் கூப்பிடப்படும். இதை நாங்கள் மிகுந்த அனுதாபத்தோடு செய்து வருகிறோம்."

அங்கேதான் சுந்தரேஸ்வரிக்குப் பயம் பிடித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் செத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போன கால் திரும்பும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். இவர்கள் என்னவென்றால் கிழமை தவறாமல் நிலவறையில் கூட்டம் போட்டு, எழுந்து நின்று கூப்பிடுகிறார்கள். அவன் எப்படிப் போவான்? பாவம், கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கிற பிள்ளை. அந்தக் கூப்பாட்டை நிறுத்த வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை லவினியாவோடு போனாள்.

நிலவறையில் மெழுகுதிரி எரிந்தது. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், பத்துப் பேரும் வீட்டுச் செருப்போடு. ஒரு கதிரை மட்டும் வெறுமையாக, அதன் முன்னால் பெயரட்டையும் இருபது முகங்கொண்ட ஒரு நீலப் பகடையும் இருந்தன. விண்ட்கென்ஸ் வரவு கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "இங்கே" என்றார்கள். பிறகு அவர் நிறுத்தி, மூச்செடுத்து, "நித்தியானந்தன்" என்றார். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருக்கிறார் போலும். பத்துப் பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரேஸ்வரியும் பார்த்தாள். கதவுக்கு வெளியே படிக்கட்டில் வெளிச்சம் தானாக ஒருதரம் எரிந்து அணைந்தது.

"பிந்துகிறார்," என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? வராத உறுப்பினருடைய மந்திரவாதிக்காக இன்னொருவர் பகடை உருட்ட வேண்டும் என்பதும் விதி. வேறு யாரும் கை வைக்க விரும்பாததால் லவினியா உருட்டினாள். இருபது விழுந்தது. அதைவிடப் பெரிய இலக்கம் அந்தப் பகடையில் கிடையாது. நித்தி செத்த நாளிலிருந்து ஒவ்வொரு கிழமையும் இருபதுதான் விழுகிறது என்று லவினியா காதுக்குள் சொன்னாள். ஹோல்ட்ஸ் மட்டும் இதுபற்றி எழுத்தில் முறையிட்டிருந்தார். உயிரோடிருந்தபோது சாதாரணமாக விளையாடிய ஓர் உறுப்பினர் இறந்தபின் இப்படி விளையாடுவது ஏனைய உறுப்பினர்களுக்குச் செய்யும் அநீதி என்பது அவருடைய வாதம். இறந்தவர் பயமுறுத்துகிறார் என்று அவர் சொல்லவில்லை. இறந்தவர் கள்ள விளையாட்டு விளையாடுகிறார் என்றுதான் சொன்னார்.

பிறகு சோற்று மந்திரத்தை விவாதத்துக்கு எடுத்தார்கள். ஹோல்ட்ஸ் எழுந்தார்.

"ஒரு வீரன் போரில் மடிகிறான். அவனுக்காக மூடிய தட்டு என்றைக்கும் ஆறாது. அந்தத் தட்டின்மேல் கேத்திலை வைத்துத் தேநீர் போடலாம். நூறு வீரர்கள் மடிந்தால் நூறு தட்டுகள். ஒரு கோட்டையையே விறகில்லாமல் சூடாக்கலாம். நாளைக்கு ஓர் அரசன், குளிர்காலம் வருகிறது என்பதற்காகவே போர் தொடுப்பான். நண்பர்களே, துக்கத்தால் ஒருவருக்கும் அனுகூலம் கிடைக்கக்கூடாது. அழுகிறவருக்குச் சமமாக அழாதவரும் சூடாக இருக்க வேண்டும். அதுதான் சமநிலை."

மேசையில் எல்லோரும் விரல்முட்டியால் தட்டிப் பாராட்டினார்கள். லவினியா இவ்வளவையும் சுருக்கிச் சொன்னாள்: "ஆள் வராத வீட்டுச் சோறு சுட்டுக்கொண்டே இருந்தால், ஆக்கள் அதிலை லாபம் எடுப்பினமாம், அக்கா."

"எங்கடை ஊரிலை எத்தினை வீட்டிலை மூடி வச்சிருக்கு, பிள்ளை," என்றாள் சுந்தரேஸ்வரி. "அதிலை ஒருத்தரும் குளிர் காயேல்லை."

லவினியா அதை மொழிபெயர்த்தாள். செயலாளர் பேனையை எடுத்து, 'அனுபவச் சாட்சியம்; வெப்பநாடு; இங்கு பொருந்தாது' என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு விண்ட்கென்ஸ் ஒரு சிக்கலைக் கிளப்பினார். காத்திருக்கப்படுகிற ஆள் இறந்தால் அந்தக் கணமே சோறு ஆறுமா, ஆறாதா? ஆறும் என்றால், தூரத்திலுள்ளவர் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சோறு காட்டிக்கொடுக்கிறது. அப்படியானால் இது குறி சொல்லும் மந்திரம், பெரிய மந்திரங்கள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. ஆறாது என்றால், இல்லாதவர் இருக்கிறார் என்று சோறு பொய் சொல்கிறது. அது தண்டனைக்குரிய மாயை. ஆகவே இந்தச் சோறு ஆறவும் கூடாது, ஆறாமல் இருக்கவும் கூடாது. இந்த முடிவுக்கு வந்ததில் ஆணைக்குழுவுக்குப் பெரிய திருப்தி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா சொன்னதல்ல. கடைசியில், ஒரு சனிக்கிழமை சம்பந்தப்பட்ட குசினியை நேரில் பார்வையிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் ஆறு பேர் வந்தார்கள். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார்கள், அந்த மட்டில் நல்ல மனிதர்கள். ஒருவர் குசினியின் நீள அகலத்தை அளந்தார். ஒருவர் ஜன்னல் இடுக்கால் காற்று வருகிறதா என்று நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்த்தார். சூடாக்க Mikrowelle அடுப்பு இருக்கும்போது மந்திரம் எதற்கு என்று ஒருவர் கேட்க, பரராசசிங்கம் வாழும் உலகத்தில் மின்சாரம் இல்லை என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தள்ளினார்கள். பரராசசிங்கத்தை ஆட்டுவித்தவன் மின்சார வேலை செய்தவன் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

ஹோல்ட்ஸ் வெப்பமானியோடு அடுப்படிக்குப் போனார். அடுப்பின் ஓரத்தில் ஒரு தட்டு, அலுமினிய மூடியால் மூடியிருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டார்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். சுந்தரேஸ்வரியும் பார்த்தாள். இன்று மத்தியானம் வடித்த சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப்பொரியல். அவள் முட்டை சாப்பிடுவதில்லை.

செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலை அவள் முறைப்படி செய்திருந்தாள். அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, வாழையிலை கிடைக்காததால் தட்டில் பரிமாறி, படத்துக்கு முன்னால் திறந்தபடியே வைத்து, அறைக் கதவைச் சாத்தி வெளியில் நின்றாள். செத்தவருக்குப் படைப்பதை மூடுவதில்லை. மூடி வைப்பது உயிரோடிருந்து வரப்போகிறவருக்கு. இது தெரியாதவளா அவள்? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, அன்று பின்னேரமும் வழக்கம்போல ஒரு தட்டில் போட்டு அடுப்போரம் மூடி வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். காலையில் இருட்டோடு எழும்பி, மூடியைத் திறந்து பார்க்காமலே குப்பைப் பைக்குள் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனாள். அறைக்குள் தம்பி செத்திருந்தான். குசினிக்குள் அவன் பிந்திக்கொண்டிருந்தான்.

ஹோல்ட்ஸ் மூடியில் கை வைக்கப் போனார்.

"தொடாதேங்கோ," என்றாள் சுந்தரேஸ்வரி.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஹோல்ட்ஸ் கையை எடுத்துக்கொண்டார். வெப்பமானியை உறைக்குள் போட்டார். 'காப்பாளர் மறுப்பு. பொருளை ஆணைக்குழுவின் முன் சமர்ப்பிக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

லவினியா மட்டும் நின்றாள். "ஒவ்வொரு நாளும் வைக்கிறியளோ, அக்கா?"

"கை வைக்குது, பிள்ளை. என்னைக் கேட்டோ வைக்குது?" என்று சொல்லி, சுந்தரேஸ்வரி முதல்முறையாக அந்தப் பெட்டையின் தோளில் சாய்ந்து அழுதாள். லவினியாவும் தன் பங்குக்கு அழுதாள். அவள் ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று சுந்தரேஸ்வரி கேட்கவில்லை. விளங்கியது.

கடைசி அமர்வு மார்கழி நடுவில். சுந்தரேஸ்வரி பின்னேரம் வேலையால் வந்து சமைத்தாள். தட்டில் போட்டு மூடி, ஒரு மெல்லிய துவாயால் கட்டி, ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். கீழே ஆறு கறுப்பாக ஓடியது. ரயில் ஒவ்வொரு வளைவிலும் ஆடியது. ஜன்னலெல்லாம் பனி. அன்று பார்த்து ரயில் பாதிவழியில் ஒரு தரிப்பில் நீண்டநேரம் நின்றுவிட்டது. எதிரில் இருந்த கிழவர் ஒருவர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அவளுடைய மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நிலவறையில் அதே நேரம் வரவு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விண்ட்கென்ஸ் நிறுத்தி, மூச்செடுத்து, "நித்தியானந்தன்" என்றார். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவு திறந்தது.

செயலாளரின் பேனை மேசைக்குக் கீழே உருண்டது. ஹோல்ட்ஸ் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். வாசலில் துவாய்ப் பொட்டலத்தோடு சுந்தரேஸ்வரி நின்றாள். அவர்கள் ஆறுதலடைய ஒரு நிமிடம் சென்றது. ஆறுதலடைந்ததும் விண்ட்கென்ஸ் செய்த முதல் வேலை, பிந்தியதற்குக் காரணம் கேட்டது.

"சோறு வடிய நேரம் போட்டுது, ரயிலும் நிண்டுபோட்டுது," என்றாள். தலைவர் தலையசைத்தார். உட்கார்ந்தாள்.

தட்டு மேசை நடுவில் வைக்கப்பட்டது. விவாதம் நீண்டது. மெழுகுதிரி ஒருதரம் மாற்றப்பட்டது. இறுதியில் விண்ட்கென்ஸ் ஒரு சமரசத் திட்டத்தை வாசித்தார்.

"சோறு முதலில் மூன்று மாதத்துக்குச் சூடாக இருக்க அனுமதிக்கப்படும். காத்திருப்பவர் நேரில் வந்து, வர வேண்டியவர் ஏன் வரவில்லை என்பதற்கு நம்பத்தகுந்த காரணம் காட்டினால், இன்னும் மூன்று மாதம் நீடிக்கலாம். வர வேண்டியவர் வரமாட்டார் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தால் நீடிப்பு மறுக்கப்படும். மறுப்பு வந்த தினத்திலிருந்து சோறு ஆறுவதற்கு நியாயமான அவகாசம் வழங்கப்படும். இதைவிட மனிதாபிமானமான ஒரு விதியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை."

அதை அவர் கற்பனை செய்திருக்கவே தேவையில்லை. சுந்தரேஸ்வரி இந்த நாட்டில் முதல் எட்டு வருடத்தை அப்படித்தான் கழித்தாள். மூன்று மாத விசா, கந்தோரில் வரச்சொல்லும் ஒரு Termin, ஒரு முத்திரை, மறுபடி மூன்று மாதம். லவினியா மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மறுமொழி சொல்லுறன்," என்றாள். "வராட்டில், வச்ச ஆள்தான் திறக்கோணும்."

ஹோல்ட்ஸ் எப்போது என்று கேட்டார்.

"திறக்க மனம் வரேக்கை."

அதுவரை?

"அதுவரைக்கும் சுடும். அதுக்குப் பிறகு ஆறும். வேறை ஒருத்தரும் திறக்கவும் ஏலாது, ஆற வைக்கவும் ஏலாது."

ஹோல்ட்ஸ் கண்ணை மூடி யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. சப்பாத்துக் கயிற்று மந்திரத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறதாம். முடிந்தவர் அவிழ்க்கும்வரை முடிச்சு நிற்கும். கோட்டையைச் சூடாக்குகிறவனும் நூறு பேரை உட்காரவைத்துத் துக்கங்காக்க வேண்டிவரும், அது எந்த அரசனுக்கும் கட்டுப்படியாகாது என்று அவர் சபைக்கு விளக்கினார். சமநிலை காப்பாற்றப்பட்டது. மந்திரம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் மேசையில் தட்டினார்கள். மூடி மெல்ல அதிர்ந்தது.

விண்ட்கென்ஸ் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. நிறைவேறிய மந்திரத்தின் ஆசிரியர், யாப்பின்படி, சங்கத்தின் நிரந்தர உறுப்பினர் என்று அறிவித்தார். சங்கம் உள்ளவரை, ஒவ்வொரு வியாழக்கிழமையும், எல்லோருக்கும் முதலில் அவருடைய பெயரே கூப்பிடப்படும்.

லவினியாவுக்கு அதை மொழிபெயர்க்க வாய் வரவில்லை. ஆனால் சுந்தரேஸ்வரிக்கு அந்த அளவு ஜேர்மன் தெரியும். நிரந்தரம் என்ற சொல்லுக்காக எட்டு வருடம் வரிசையில் நின்றவள் அவள். அந்தச் சொல்லை இப்போது அவளுடைய தம்பிக்குக் கொடுக்கிறார்கள்.

அவள் எழுந்தாள். "மந்திரத்தை நீங்கள் வச்சிருங்கோ," என்றாள். "பேரைத் தாங்கோ."

அதைக் கேட்டதும் பெரிய குழப்பம். ஆசிரியர் இல்லாமல் மந்திரமா? எவ்வளவு அழகான மந்திரம், பெயரில்லாமல் அச்சிடுவதா, உங்கள் தம்பிக்கு இது ஒரு நினைவுச்சின்னம் அல்லவா என்றெல்லாம் கேட்டார்கள். சுந்தரேஸ்வரி அசையவில்லை. கூப்பிட்டால் அவன் வருவான், வந்தால் நிற்க இடமில்லை, பிள்ளையை அலைய விடாதேங்கோ என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் ஹோல்ட்ஸ்தான் வழி கண்டார். பழைய இடிபாடுகளில் கிடைக்கிற மந்திரங்களுக்கு ஆசிரியர் பெயர் தேவையில்லை. 'எழுதியவர் அறியப்படாதவர், ஒரு பாழடைந்த வீட்டில் கண்டெடுக்கப்பட்டது' என்று போட்டுக்கொள்ளலாம்.

விண்ட்கென்ஸ் வரவுப் புத்தகத்தை இழுத்துவைத்து, அளவுகோல் பிடித்து, பெயரை நேராக ஒரு கோட்டால் வெட்டினார்.

"அவர் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை," என்றார். அதை யாப்பின் எந்தப் பிரிவின் கீழ் சொன்னார் என்று தெரியவில்லை.

சுந்தரேஸ்வரி வெறுமையாக இருந்த கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் எடுத்தாள். துவாயை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள்.

பின்னேரம் வடித்த சோறு. பனிக்குள்ளால் வந்தது. விவாதம் முழுக்க அந்தக் குளிர்ந்த நிலவறையில் மேசை நடுவில் இருந்தது. திறந்ததும் குப்பென்று ஆவி கிளம்பி மெழுகுதிரியை ஆட்டியது. ஹோல்ட்ஸின் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. துடைக்க அவருக்கு மூன்று பின்னிணைப்புகள் இருந்தன. ஆனாலும் அவர் துடைக்கவில்லை.

"இந்த மந்திரம்," என்றார் அவர், "தை மாதம் முதலாம் திகதிதான் அமலுக்கு வருகிறது."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தட்டைப் பார்த்தார். எழுத வேண்டாம் என்று மெல்லக் கையைக் காட்டினார்.

சுந்தரேஸ்வரி கையால் குழைத்துச் சாப்பிட்டாள். விரல் சுட்டது. முதல் கவளத்தை விழுங்கக் கஷ்டமாக இருந்தது, இரண்டாவது இறங்கியது. முட்டைப்பொரியலை எடுத்து லவினியாவுக்குக் கொடுத்தாள். அவள் கண்ணீரோடு வாங்கித் தின்றாள். பத்து மந்திரவாதிகளும் வீட்டுச் செருப்போடு மரியாதையாக எழுந்து நின்றார்கள். சாப்பிட்டு முடியும்போது சோறு ஆறிப்போயிருந்தது. யாரோ கை தட்டுப்பட்டு நீலப் பகடை உருண்டது. ஏழு விழுந்தது.

வியாழக்கிழமைகளில் இப்போது நித்தியானந்தனைக் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் இருந்த இடம் வரும்போது விண்ட்கென்ஸ் ஒரு மூச்சு நிறுத்துகிறார், எல்லோரும் கதவைப் பார்க்கிறார்கள், பிறகு அடுத்த பெயருக்குப் போகிறார்கள். இப்படி நிறுத்துவதற்கு யாப்பில் இடமில்லை என்று ஹோல்ட்ஸ் எழுத்தில் முறையிட்டிருக்கிறார். அது நிலுவையில் இருக்கிறது.

சோற்றைத் திறந்த அன்று இரவு வீட்டுக்கு வந்து சுந்தரேஸ்வரி தட்டையும் மூடியையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நாள் பின்னேரம் சமைக்கப் போனபோது கை வழக்கம்போல அரிசிப் பைக்குள் போய் இரண்டு பேருக்கு அளக்கிற சுண்டு நிறைய அள்ளியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு பாதியைப் பைக்குள்ளேயே திரும்பக் கொட்டினாள்.